படமாக வந்த எழுத்து

இணையப் பக்கத்தில் எழுத்துதான் சரக்கு, படம் வெறும் அலங்காரம் என்று பிரித்துப் பேசுவது வழக்கம். 1993இல் மொசைக் உலாவி எழுத்துக்கு நடுவிலேயே படத்தைக் காட்டத் தொடங்கியபோது, ஆங்கிலப் பக்கங்களுக்கு அது பொருந்தியிருக்கலாம். தமிழுக்குப் பொருந்தாது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் பல தமிழ்ப் பக்கங்களின் தலைப்புகளே ஜிஃப் படங்கள். சில இடங்களில் முழுச் செய்தியும் படம்தான். வாசகரிடம் எதையும் கேட்காமல் தமிழைக் காட்டிய வழி அது.

எழுத்துரு இருந்ததே என்பார்கள். உண்மைதான். மலேசியாவில் முத்து நெடுமாறன் எண்பதுகளிலேயே முரசு செயலியை உருவாக்கினார், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை வலையேற்றினார். ஆனால் இது எழுதுகிறவர் பக்கத்து நியாயம். வாசகரோ தளத்துக்குத் தளம் வேறு எழுத்துருவை இறக்க வேண்டியிருந்தது. மலேசியாவில் சித்தியவானை அடுத்த ஆயர் தாவார் போன்ற ஊரில், ரப்பர் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் சைபர் கஃபேயில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்தால், கடைக்காரர் கணினியில் எழுத்துரு நிறுவ அவனுக்கு ஏது உரிமை? படத்துக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அதன் விலை நேரம்: 50 கிலோபைட் படம் 28.8 கிலோபிட் மோடத்தில் தங்குதடையின்றி வந்தாலும் 14 விநாடி பிடிக்கும்.

படத்துக்குள் சொல்லைத் தேட முடியாது, பார்வையற்றோரின் திரைவாசிப்பானுக்கு அது ஊமை என்ற ஆட்சேபம் இன்னும் கனமானது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அன்றைய எழுத்துருக்கள் மட்டும் ஒழுங்காகத் தேட விட்டனவா? அவற்றில் பல, ரோமன் எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றியவை. எழுத்துரு இல்லையென்றால் மிஞ்சுவது கிறுக்கல். 1999இல் சென்னை மாநாடு டாம், டாப் என்ற குறியீட்டுத் தரங்களை முன்வைத்தது. டிஸ்கி என்ற இன்னொரு குறியீடு தனி வழியில் ஓடியது. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோதும் எல்லாரும் ஒரே குறியீட்டுக்கு வந்திருக்கவில்லை.

அசைவையும் ஒலியையும் பற்றி இவ்வளவு தாராளமாகப் பேச முடியாது. நெட்ஸ்கேப் 2 உலாவி வந்தபின் பெருகிய சுழலும் உருண்டைகளும், கேட்காமலே ஒலித்த மிடி இசையும் பெரும்பாலும் தொல்லையே. தமிழ் கற்பிக்கும் பக்கங்களில் கதை வேறு. 'ழ'வை எங்கே தொடங்கிச் சுழிப்பது, 'ள'விலிருந்து அதை எப்படிப் பிரித்து ஒலிப்பது என்பதை அசையாத, பேசாத பக்கம் காட்டாது. அதற்குக் கைகொடுத்த ஃபிளாஷ் மென்பொருளை அடோபி நிறுவனம் 2020 முடிவில் கைவிட்டது. அதில் செய்த பாடங்களை இன்றைய உலாவிகள் தாமாகத் திறப்பதில்லை. 1987இல் பிறந்த ஜிஃப் மட்டும் தப்பியது. 1997இல் ஏற்றிய தமிழ்த் தலைப்புப் படம், கோப்பு மிஞ்சியிருந்தால், இன்றும் பிழையில்லாமல் தெரியும். அதன் கீழே எழுத்துருவில் தட்டிய கட்டுரைக்குத்தான் குறியீடு மாற்றி தேவைப்படுகிறது.