மீண்டவரின் அச்சம்

மருத்துவத்தின் வரலாற்றை நாம் பெரும்பாலும் வெற்றிகளின் வரலாறாகவே படித்து வருகிறோம். இன்ன நோய்க்கு இன்ன ஆண்டில் இன்னார் மருந்து கண்டார் என்று சொல்லி அத்துடன் நிறுத்திவிடுகிறோம். நோயினின்றும் மீண்டவர் அதன்பின் எவ்வாறு உறங்கினார் என்று கேட்பார் இலர். புற்றுநோயைப் பொறுத்தவரை அக்கேள்வி மிக முக்கியமானது. ஏனெனில், சிகிச்சை முடிந்த பின்னரும் திரும்பி வரக்கூடிய நோய் அது.

பானி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியையை இலக்கிய மாணவர்கள் அறிவர். 1778ஆம் ஆண்டில் 'எவலினா' என்னும் நாவலால் புகழ் எய்தியவர். பிரெஞ்சுப் படைத்தலைவர் ஒருவரை மணந்து பாரிஸில் வாழ்ந்தபோது அவருடைய மார்பில் கட்டி ஒன்று தோன்றியது. நெப்போலியனின் படையில் பெயர் பெற்ற ரண வைத்தியர் லாரே, 1811 செப்டம்பர் 30ஆம் நாள், அம்மையாரின் இல்லத்திலேயே அம்மார்பை அறுத்து அகற்றினார். ஈதர் கொடுத்து உணர்விழக்கச் செய்யும் முறை உலகறிய வந்தது 1846இல் தான். அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு அவருக்குக் கிடைத்தவை சிறிது மது கலந்த மருந்தும், முகத்தை மூடிய மெல்லிய கைக்குட்டையுமே. அத்துணியினூடே எஃகின் பளபளப்புத் தெரிந்ததாம்.

இவற்றையெல்லாம் நாம் அறிவது, அவர் தம் தமக்கைக்கு எழுதிய கடிதத்தால். அதை எழுதி முடிக்க அவருக்கு 1812இல் பல மாதங்கள் பிடித்தன. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கவும் துணிவில்லை. அதைப்பற்றி வாய்திறந்தால் மீண்டும் கத்தியின் கீழ்க் கிடப்பது போல் இருந்தது என்கிறார். காயம் ஆறிவிட்டது, நினைவு ஆறவில்லை. அம்மையார் 1840 வரை, எண்பத்தேழு வயது நிரம்ப வாழ்ந்தார். அது புற்றுநோய்தானா என்று இக்கால மருத்துவர் சிலர் ஐயுறுவதுண்டு. அகற்றிய தசையை நுண்ணோக்கியால் ஆராய்ந்து தெளியும் வழக்கம் அன்று இல்லை.

பர்னியைப் போல் நெடுநாள் வாழ்ந்தவர் அக்காலத்தில் அரியர். அறுவை முடிந்த சில மாதங்களிலேயே தழும்பின் அருகில் கட்டி மீண்டும் முளைப்பதே பெருவழக்கு. ஆதலின், நோயாளியின் அச்சத்துக்கு முன்பாக மருத்துவரின் அச்சமே வரலாற்றில் இடம் பெற்றது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹால்ஸ்டெட் என்பவர், மார்புடன் அதன் கீழுள்ள தசைகளையும் அக்குளின் கணுக்களையும் ஒருங்கே அகற்றும் முறையை 1894இல் விளக்கினார். அதிகமாக அறுத்தால் நோய் திரும்பாது என்பது அவர் நம்பிக்கை. பல பத்தாண்டுகள் அதுவே விதியாக நின்றது. ஆனால், கத்தி படுவதற்கு முன்பே நோயணுக்கள் இரத்தத்தின் வழியே வேறிடம் சென்றிருக்கக்கூடும். அவற்றை எந்தக் கத்தி எட்டும்? கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுத் தந்தாலும் அதே அளவு உயிர்கள் பிழைக்கின்றன என்பதை பெர்னார்ட் பிஷர் குழுவினரின் ஆய்வு 1985இல் காட்டியது. அச்சத்தால் எத்தனை பெண்கள் வேண்டாத அறுவைக்கு உட்பட்டனர் என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது.

நோயாளிக்கோ, ஆண்டுக்கணக்கு என்ற ஒரு புதிய சுமை சேர்ந்தது. மூன்றாண்டு நோயின்றிக் கழிந்தால் குணமானதாகக் கொள்ளலாம் என்று முற்காலத்து வைத்தியர் சிலர் கருதினர். பின்னர் அது ஐந்தாயிற்று. இந்த ஐந்து என்பது ஒப்பிட்டு எண்ணுவதற்கு வசதியான அளவேயன்றி, நோய் தாண்ட முடியாத மதில் அன்று. விந்தகப் புற்றுநோய் திரும்புமாயின் பெரும்பாலும் முதல் இரண்டாண்டுகளில் திரும்பும்; மார்பகப் புற்றுநோயில் சிலவகை பதினைந்து ஆண்டுக்குப் பின்னும் தலைகாட்டும். ஆகவே, அஞ்சுபவரைக் கோழை என்று சொல்வது அறியாமை.

தலைமேல் மயிரிழையில் தொங்கும் வாளின் கீழ் விருந்துண்ட டமாக்ளீஸின் கதை நாம் அறிந்ததே. குழந்தைப் பருவத்தில் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்களின் மனநிலையை ஆராய்ந்த கூச்சர், ஓ'மாலி என்னும் இருவர், 1981இல் வெளியிட்ட நூலுக்கு அப்பெயரையே சூட்டினர்.

எனினும், இவ்வச்சத்துக்கு மருத்துவ உலகில் உரிய இடம் வாங்கித் தந்தவர் பிட்ஸ்ஹூ முல்லன் என்ற அமெரிக்க மருத்துவர் என்றே சொல்வேன். அவருக்கு 1975இல், முப்பத்திரண்டாம் வயதில், நெஞ்சினுள் புற்றுநோய் கண்டது. பத்தாண்டு கழித்து ஒரு பெரிய மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். நோயோடு போராடும் காலம் ஒன்று, சிகிச்சை முடிந்து காத்திருக்கும் காலம் ஒன்று, நிலைத்த நலம் ஒன்று என அதில் மூன்று பருவங்களைப் பிரித்தார். நடுப்பருவத்தை ஆள்வது நோய் திரும்பும் என்ற அச்சமே என்றார். நீரில் மூழ்கியவனைக் கரையேற்றிவிட்டு, அவன் இருமித் தவிப்பதைக் கவனியாது நம் கடமை முடிந்தது என்று போய்விடுகிறோம் என மருத்துவரைக் கடிந்துகொண்டார். மருந்து நிறுத்தப்படும் நாளில் வீட்டார் மகிழ்கின்றனர். நோயுற்றவருக்கோ அன்றுதான் காவல் விலகியது போல் தோன்றுகிறது. சாதாரண முதுகுவலியும் தூதுவனாகிவிடுகிறது. முல்லனும் இருபதுக்கு மேற்பட்ட தோழர்களும் 1986இல் ஆல்புகர்க்கி நகரில் கூடி, மீண்டு வாழ்வோருக்கென ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினர்.

அதன்பின் ஆராய்ச்சி வேகமாக வளர்ந்தது. ஆஸ்திரேலியாவில் இவ்வச்சத்தால் மிக வருந்திய 222 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2017இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு உடல் தளர்த்தும் பயிற்சி; மறுசாராருக்கு மனநல வல்லுநருடன் ஐந்து முறை உரையாடல். அச்சத்தை அறவே ஒழிக்க அவ்வுரையாடல் முயலவில்லை. மனத்தில் எழும் எண்ணத்தின் பின்னாலேயே ஓடாதிருத்தல், உடலை நாள்தோறும் பலமுறை தடவிப் பாராமல் குறித்த காலத்துப் பரிசோதனையை நம்புதல், தமக்கு எது பெரிது என்று தெரிந்து அதில் ஈடுபடுதல் ஆகியவற்றையே கற்பித்தது. இரு சாராருக்கும் நன்மை கிட்டியது. உரையாடியவர்க்குக் கூடுதலாகக் கிட்டியது.

முல்லன் நாற்பத்து நான்கு ஆண்டுகள் மீண்டு வாழ்ந்து, பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கண்டு, 2019ஆம் ஆண்டு நவம்பரில் காலமானார்.