300 லிவர் டியூஷன் ஃபீஸ்



போன வாரம் எதிர்வீட்டு பிளஸ் டூ மாணவி நோட்டோடு வந்தாள். "சார், இது லோபிதாலின் விதியில் போடுற கணக்கு. விடை வருது. ஏன் வருதுன்னுதான் தெரியல" என்றாள். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுத்தவன். நுண்கணிதம் பின்னாளில் ஆசைப்பட்டுப் படித்ததுதான். கணக்கை ஒருவாறு விளக்கி அனுப்பிவிட்டேன். அந்த விதிக்குப் பின்னால் ஒரு டியூஷன் கதை இருக்கிறது. அதைச் சொல்ல நேரமில்லாமல் போனது. இங்கே எழுதுகிறேன்.

லோபிதால் பிரான்ஸ் நாட்டுப் பிரபு. 1661இல் பிறந்தவர். குதிரைப்படையில் அதிகாரியாக இருந்து, கிட்டப்பார்வையால் அதை விட்டுவிட்டுக் கணிதத்தில் இறங்கினார். அன்று நுண்கணிதம் பச்சைக் குழந்தை. லைப்னிட்ஸ் 1684இல் எழுதிய கட்டுரை சில பக்கங்கள்தான். படித்தவர்களுக்கே தலை சுற்றியது. அதைப் புரிந்துகொண்ட வெகு சிலரில் இருவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து அண்ணன் தம்பி, யாகோப் பெர்னூலியும் யோஹான் பெர்னூலியும்.

1691 கடைசியில் தம்பி யோஹான் பாரிசுக்கு வந்தார். வயது 24. லோபிதால் அவரைப் பணம் கொடுத்து ஆசிரியராக வைத்துக்கொண்டார். மாணவர் வாத்தியாரைவிட ஆறு வயது மூத்தவர்! யோஹான் ஊர் திரும்பிய பிறகும் கடிதத்தில் சந்தேகம் கேட்பது தொடர்ந்தது.

1694 மார்ச்சில் லோபிதால் எழுதிய கடிதம்தான் விஷயமே. ஆண்டுக்கு 300 லிவர் தருகிறேன். நான் கேட்கும் கணக்குகளுக்குச் சில மணி நேரம் ஒதுக்க வேண்டும். புதிதாகக் கண்டுபிடிப்பதை எனக்கு எழுத வேண்டும். வேறு யாருக்கும் சொல்லக் கூடாது. யோஹான் அப்போதுதான் திருமணமானவர், பேராசிரியர் வேலை இன்னும் கிடைக்கவில்லை. சம்மதித்துவிட்டார்.

அந்த ஜூலையில் அவர் எழுதி அனுப்பியவற்றில் ஒன்றுதான் நம் விதி. ஒரு பின்னத்தில் தொகுதியும் பகுதியும் சேர்ந்தே பூஜ்ஜியமானால் என்ன செய்வது? சைன் எக்ஸை எக்ஸால் வகுங்கள் (கோணம் ரேடியனில்). எக்ஸ் பூஜ்ஜியம் என்றால் 0/0, ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் எக்ஸ் 0.1 என்றால் சைன் மதிப்பு சுமார் 0.0998. இரண்டு பேர் ஒரே கோட்டை நோக்கி ஓடிவருவதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டைத் தொடும் நேரத்தில் இருவருக்கும் மிச்ச தூரம் இல்லை, ஆனால் வேகம் இருக்கிறது. அந்த வேகங்களின் விகிதமே விடை. மேலேயும் கீழேயும் தனித்தனியாக வகையிடச் சொல்வது இதற்காகத்தான். இங்கே காஸ் பூஜ்ஜியம் கீழ் ஒன்று, அதாவது 1.

1696இல் லோபிதால் புத்தகம் வெளியிட்டார். வகை நுண்கணிதத்துக்கு உலகின் முதல் பாடநூல் அது. இயற்பியல் கணக்கும் அதில் உண்டு. மேலே ஒரே மட்டத்தில் இரண்டு புள்ளிகள். ஒன்றில் கட்டிய கயிற்றின் நுனியில் ஒரு கப்பி. மற்றதில் கட்டிய கயிறு அந்தக் கப்பி மேல் போய் ஒரு எடையைத் தாங்குகிறது. எங்கே ஓய்ந்து நிற்கும்? எடை எவ்வளவு கீழே போக முடியுமோ அவ்வளவு போய் நிற்கும் என்று வைத்து வகையிட்டால் விடை வந்துவிடும். விசைகளைப் படம் போட்டுப் பிரிக்க வேண்டியதே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு.

முன்னுரையில் பெர்னூலி சகோதரர்களுக்கு, குறிப்பாக இளையவருக்கு, நன்றி இருக்கிறது. ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1704இல் லோபிதால் இறந்த பிறகுதான் யோஹான் அந்த விதி தன்னுடையது என்று வெளிப்படையாகச் சொன்னார். பலர் நம்பவில்லை. அவர் சண்டைக்காரர் என்ற பெயரும் காரணம். பிற்காலத்தில் பெற்ற மகன் டேனியலோடேயே, யார் முதலில் எழுதியது என்று மல்லுக்கு நின்றவர். அவருடைய பாடக் குறிப்புகள் 1922இலும், அந்தக் கடிதங்கள் 1955இலும் அச்சான பிறகுதான் உண்மை ஐயமின்றித் தெரிந்தது. இடையில் 250 ஆண்டுகள் போய்விட்டன.

லோபிதாலைத் திருடன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்கியதைப் புரிந்துகொண்டு, அடுத்தவனுக்கும் புரியும்படி எழுதினார். யோஹான் அதை நூலாக்கவில்லை. ஆனாலும் "யாருக்கும் சொல்லாதே" என்ற அந்த நிபந்தனை இருக்கிறதே, அது ஆசிரியனிடம் கேட்கக் கூடாத ஒன்று.

அதே யோஹான் பாசலில் பேராசிரியரான பிறகு ஒரு சிறுவன் தனிப்பாடம் கேட்டு வந்தான். நேரமில்லை என்று மறுத்துவிட்டார். கடினமான நூல்களை நீயே படி, எங்கே முட்டுகிறதோ அதைக் குறித்துக்கொண்டு சனிக்கிழமை மதியம் வா என்றார். ஒரு தடை நீங்கினால் பத்துத் தடைகள் கூடவே நீங்கின என்று அந்தச் சிறுவன் பெரியவனான பின் நினைவுகூர்ந்தார். அவர் பெயர் ஆய்லர்.

எதிர்வீட்டுப் பெண்ணையும் சனிக்கிழமை மதியம் வரச் சொல்லியிருக்கிறேன். தொகை நுண்கணிதத்தில் எதைக் கேட்பாளோ என்று இப்போது நான்தான் பிளஸ் டூ புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.