ஒன்பது கேபி தாலாட்டு

போன மாதம் பரணை ஒழிக்கும்போது ஒரு பழைய சிடி கிடைத்தது. மேலே மார்க்கர் பேனாவில் 'அப்பத்தா 2003' என்று என் கோழிக்கிறுக்கல். ஹெப்பகோடியில் நாலு பேராக ரூம் எடுத்துத் தங்கியிருந்த காலம். மேம்பாலம் கிடையாது, மெட்ரோ கிடையாது (மஞ்சள் லைன் 2025 ஆகஸ்டில்தான் வந்தது). ஞாயிற்றுக்கிழமை ஓசூர் ரோட்டில் பஸ் ஏறவே மனசு வராது. அதனால் செகண்ட் ஹேண்டில் ஒரு கீபோர்டு வாங்கி ரூமிலேயே 'ஸ்டூடியோ' வைத்திருந்தேன் :-)

சிடிக்குள் ஒரே ஒரு ஃபைல். 9 கேபி. மிடி. (பெண்பிள்ளைகள் போடுகிற மிடி இல்லீங்க.)

என் பெண் இப்போது கீபோர்டு கிளாஸ் போகிறாள். "இவ்ளோ குட்டி ஃபைலுக்குள்ள எப்படிப்பா பாட்டு இருக்கும்?" என்றாள். இருக்காது என்பதுதான் பதில். மிடிக்குள் சத்தமே கிடையாது. எந்தக் கட்டையை எப்போது அழுத்தினோம், எவ்வளவு அழுத்தமாக, எப்போது விட்டோம், அவ்வளவுதான். எல்லாம் 0 முதல் 127 வரை எண்கள். இளையராஜா நோட்ஸ் எழுதி வாத்தியக்காரர்களிடம் கொடுப்பாரே, அந்தக் காகிதம் மாதிரி. காகிதத்தைக் காதில் வைத்தால் பாட்டு கேட்காது, யாராவது வாசிக்க வேண்டும்.

1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் கண்காட்சியில் ப்ராஃபெட்-600, ரோலண்ட் ஜூபிடர்-6 என்று இரண்டு வேறு கம்பெனி கீபோர்டுகளை ஒரே ஒயரில் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை வாசித்தால் மற்றது பாடியது. அதுதான் மிடியின் அரங்கேற்றம். முன்னின்று செய்த டேவ் ஸ்மித்துக்கும் இகுதாரோ ககேஹாஷிக்கும் 2013-ல் டெக்னிக்கல் கிராமி கிடைத்தது.

கோடம்பாக்கம் அதிகம் காத்திருக்கவில்லை. 1986-லேயே புன்னகை மன்னனுக்கு இளையராஜா கம்ப்யூட்டர் சீக்வென்சரைப் பயன்படுத்திவிட்டார். 1989-ல் ரஹ்மான் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ஸ்டூடியோவை அமைத்தார். அப்பா ஆர்.கே.சேகர் 1976-ல் இறந்தபின் அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுப் பிழைத்த குடும்பம் அது. 1992-ல் ரோஜா வந்தது. வீட்டிலேயே பாட்டு செய்யலாம் என்ற ஆசை என்னைப் போன்ற ஆயிரம் பேருக்கு அன்றைக்குப் பிடித்ததுதான். அவரிடம் நல்ல சிந்தசைசர்கள் இருந்தன. நம்மிடம் கம்ப்யூட்டரோடு வந்த சவுண்ட் கார்டு.

1991-ல் ஜெனரல் மிடி என்று ஒரு பட்டியல் போட்டார்கள். 128 ஒலிகள், ஆளுக்கு ஒரு நம்பர். 105 சிதார். 112 ஷெனாய். 126 ஹெலிகாப்டர். 128 துப்பாக்கிச் சத்தம். ஹெலிகாப்டருக்கு இடம் கொடுத்தவர்கள் வீணைக்கும் நாதஸ்வரத்துக்கும் கொடுக்கவில்லை. தாளத்துக்கென்று ஒதுக்கிய பத்தாவது சேனலில் காங்கோ, போங்கோ எல்லாம் உண்டு, மிருதங்கமோ தபலாவோ இல்லை. இந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

பட்டியல் பெயரை மட்டும்தான் முடிவு செய்தது. சத்தம் அந்தந்தக் கார்டின் இஷ்டம். அதனால்தான் மிடியை ஆடியோவாக மாற்றும் பாடு. ஆரம்பத்தில் ஒரே வழி: பாட்டை ஓடவிட்டு, லைன்-அவுட்டிலிருந்து ஒயர் போட்டு, ஓட ஓடப் பதிவு செய்வது. நாலு நிமிடப் பாட்டுக்கு நாலு நிமிடம். நடுவில் பக்கத்தில் செல்போன் அடித்தால் ஸ்பீக்கரில் 'டிட்டிட்டி' என்று வரும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1994-ல் சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஈ32 கார்டோடு சவுண்ட்ஃபான்ட் வந்தது. நிஜ வாத்தியத்தின் சாம்பிள்களை நாமே ஏற்றிக்கொள்ளலாம். 1999-ல் விஎஸ்டி 2 வந்தபின் வாத்தியமே சாஃப்ட்வேர் ஆனது. ஒயர் வேண்டாம், கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு வேவ் ஃபைல் எழுதிவிடும்.

இதெல்லாம் எனக்கு 2003-ல் தெரியாது. அப்பத்தா காரைக்குடியிலிருந்து போனில் தாலாட்டு பாடியது. ஒரு காதில் ரிசீவர், ஒற்றைக் கையில் கீபோர்டு, கூடவே வாசித்து ஏற்றினேன். சிடி தரத்தில் ஆடியோ என்றால் நிமிடத்துக்கு 10 எம்பி. எம்பி3 ஆக்கினாலும் நாலு எம்பி. அன்றைக்கு ஹாட்மெயில் இலவசப் பெட்டியின் மொத்த இடமே 2 எம்பிதான். 9 கேபி மிடி சட்டென்று போய்ச் சேர்ந்தது. தம்பி பிரவுசிங் சென்டருக்கு அம்மாவைக் கூட்டிப்போய்ப் போட்டுக் காட்டினான். ராத்திரி போன். "ஏண்டா, அப்பத்தா பாட்டு ஐஸ் வண்டி சத்தம் மாதிரில்ல இருக்கு?"

குழைவு இல்லை, அதுதான். கட்டைக்குக் கட்டை தாவுகிற கீபோர்டில் கமகம் வேண்டுமென்றால் இடது கையால் பிட்ச் வீலை உருட்ட வேண்டும். என் இடது கையில்தான் ரிசீவர் இருந்ததே. விரலுக்கு விரல் தனித்தனியாக ஸ்வரத்தை வளைக்கும் எம்பிஈ முறை 2018-லும், மிடி 2.0 இரண்டு வருடம் கழித்தும்தான் வந்தன.

அப்பத்தா 2009-ல் போய்ச் சேர்ந்தது. குரலை நான் பதிவு செய்து வைக்கவில்லை. ரூமில் மைக் இருந்தது.

போன ஞாயிறு நானும் பெண்ணும் ஒரு இலவச சவுண்ட்ஃபான்டைப் போட்டு வேவ் ஆக்கினோம். அவள் சிதார் வைத்துப் பார்த்தாள், புல்லாங்குழல் வைத்தாள், கடைசியில் 54, 'ஊ' என்கிற மனிதக் குரலில் நின்றாள். அம்மாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து போன் வந்தது.

"குரல் அது இல்லடா. ஆனா ரெண்டாவது அடியில மூச்சு வாங்கிட்டு நிக்கும்ல, அது அப்படியே இருக்கு."