ஒபாமா விளைவு

ஒபாமா விளைவு என்பது, பராக் ஒபாமா போன்ற மதிப்புக்குரிய கறுப்பினத் தலைவர் ஒருவர் மக்கள் கண்முன் இடைவிடாது தோன்றுவதால், கறுப்பினத்தவர் மீது பிறருக்குள்ள மறைமுக இனச் சார்பு குறையும் என்னும் சமூக உளவியல் கருதுகோள் ஆகும். 2008 நவம்பரில் ஒபாமா ஐக்கிய அமெரிக்காவின் முதல் கறுப்பினக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதை ஒட்டி இது ஆராயப்பட்டது. கறுப்பின மாணவரின் தேர்வுத் திறன் அவரால் உயர்ந்ததா என்ற வேறொரு வினாவையும் இதே பெயரால் குறிப்பதுண்டு.

அளக்கும் முறை

இனவேறுபாடு பாராட்டுவதில்லை என்று மனமாரக் கூறுபவரிடமும் அவர் அறியாமலே படிந்திருக்கக்கூடிய மனச்சாய்வே மறைமுக இனச் சார்பு. இதை அளக்க 1998 இல் அந்தோணி கிரீன்வால்டும் உடன் ஆய்வாளர்களும் மறைமுகத் தொடர்புச் சோதனையை வெளியிட்டனர். கணினித் திரையில் தோன்றும் முகங்களையும், நல்ல அல்லது தீய பொருளுடைய சொற்களையும் இரு விசைகளால் வகைப்படுத்த வேண்டும். கறுப்பின முகத்துக்கும் நல்ல சொல்லுக்கும் ஒரே விசை என்னும் சுற்றில், வெள்ளையின முகத்துக்கும் நல்ல சொல்லுக்கும் ஒரே விசை என்னும் சுற்றைவிடக் கூடுதல் நேரம் பிடித்தால், அவ்வேறுபாடே சார்பின் அளவாகக் கொள்ளப்படுகிறது. ஒருவரே இருமுறை செய்தாலும் மதிப்பெண் மாறக்கூடும் என்பதால், தனிமனிதரை எடைபோட இச்சோதனை ஏற்றதன்று.

ஆய்வுகள்

2001 இல் நீலாஞ்சனா தாசுகுப்தாவும் கிரீன்வால்டும், போற்றப்படும் கறுப்பினத்தவர், வெறுக்கப்படும் வெள்ளையினத்தவர் ஆகியோரின் படங்களைப் பார்த்தவர்களிடம் மறைமுகச் சார்பு குறைந்ததையும், ஒரு நாள் கழித்தும் அது நீடித்ததையும் கண்டனர். ஆய்வுக்கூடத்துச் சில படங்களே இதைச் செய்யுமாயின், நாள்தோறும் தொலைக்காட்சியில் தோன்றும் வேட்பாளர் இன்னும் கூடுதலாகச் செய்யலாம் என்பதே ஒபாமா விளைவின் அடிப்படை.

ஆசுபி பிளான்ட், பற்றீசியா டிவைன் முதலியோர் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பினத்தவரல்லாத கல்லூரி மாணவரிடம் சார்பு வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருந்தது. ஆயினும் அவர்கள் ஒப்பிட்டது முந்தைய ஆண்டுகளில் சோதிக்கப்பட்ட வேறு மாணவருடன். அதே மாணவரை ஒபாமாவுக்கு முன்னும் பின்னும் அளக்கவில்லை. இங்குதான் ஐயம் எழுகிறது.

கேத்லீன் சிமித்தும் பிரையன் நோசெக்கும் 2010 இல், இணையவழிச் சோதனையில் இரண்டரை ஆண்டுகளில் பங்கேற்ற சுமார் 4,79,000 பேரின் முடிவுகளை ஆராய்ந்தனர். தேர்தல் பரப்புரையின்போதோ பதவியேற்புக்குப் பின்போ குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் தென்படவில்லை. இவர்கள் தாமாக முன்வந்தவர்கள் என்பதால் நாட்டு மக்கள் அனைவரையும் குறிப்பதாகக் கொள்ள இயலாது. எனினும், மாற்றம் பெரிதாக இருந்திருந்தால் இத்தரவில் மறைந்திருக்க வாய்ப்பு குறைவு.

பிற்காலம்

சார்பு மாறவே மாறாது என்றும் சொல்வதற்கில்லை. 2007 முதல் 2016 வரையிலான இணையத் தரவுகளில் மறைமுக இனச் சார்பு சுமார் 17 விழுக்காடு குறைந்ததாக டெசா சார்லசுவொர்த்தும் மகசரின் பானாசியும் 2019 இல் அறிவித்தனர். ஒபாமா பதவியிலிருந்த 2009–2017 காலம் பெரும்பாலும் இதனுள் அடங்குகிறது. ஆனால் இது படிப்படியாக நிகழ்ந்த மாற்றம். பாலின ஈர்ப்பு குறித்த சார்பு இதே காலத்தில் இன்னும் விரைவாக, 33 விழுக்காடு, குறைந்தது. அதற்கு ஒபாமாவைப் போன்று ஒரே முகம் எதையும் காரணமாகக் காட்ட முடியாது.