கணிப்பொறியில் மலேசியத் தமிழுக்கு ஓர் இருக்கை

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் 1972-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கிற்று. அமெரிக்காவுக்கு வெளியே அந்நிறுவனம் அமைத்த முதல் தொழிற்சாலை அதுவே. கணிப்பொறியின் மூளை எனத்தகும் சில்லுகள் அங்கே பொருத்திச் சோதிக்கப்பட்டன. ஆயினும், சில்லு செய்யும் ஊரில் வாழ்வதனால் மட்டும் ஒருவரது தாய்மொழி கணிப்பொறியில் ஏறிவிடாது. மொழி ஏறுவது மென்பொருளின் வழியே ஆகும்.

அவ்வழியில் மலேசியத் தமிழர் பிந்தியவர் அல்லர். முத்து நெடுமாறன் 1980-களின் நடுவிலேயே ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். பின்னர்ப் பலரும் எழுத்துருக்கள் செய்தனர். ஆனால், ஆளுக்கொரு குறியீட்டு முறை இருந்தமையால் ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க இயலவில்லை. 1991-இல் வெளிவந்த யூனிகோடு தமிழுக்குப் பொதுக் குறியீட்டை வழங்கியது; அது பரவப் பல ஆண்டுகள் ஆயின. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாகத் ‘தமிழ்99’ விசைப்பலகை பிறந்தது. 2001-இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடு கூடிற்று.

இதே காலத்தில் வேறொரு முயற்சியும் வளர்ந்தது. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் ‘குனூ’ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். 1993-இல் இயன் மர்டாக் டெபியன் தொகுப்பைத் தொடங்கினார். மென்பொருளை எவரும் இயக்கலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்பதே இவற்றின் அடிப்படை. ஏடுகளை மீண்டும் மீண்டும் பெயர்த்தெழுதியமையாலன்றோ நம் பழைய நூல்கள் கறையானுக்குத் தப்பின? இவ்வுரிமையும் அத்தகையதே.

இத்தகைய மென்பொருள்கள் ‘பொதி’களாகக் கட்டப்பட்டுக் களஞ்சியங்களில் வைக்கப்படுகின்றன. ஒரு பொதி இயங்குவதற்குப் பிற பொதிகள் வேண்டியிருக்கும். முன்பு அவற்றைப் பயனரே தேடிச் சேர்த்தார். 1999-இல் டெபியன் 2.1 பதிப்புடன் வந்த ‘ஆப்ட்’ என்னும் கருவி அத்துணைப் பொதிகளைத் தானே கொணர்ந்து நிறுவிற்று. புதிய பதிப்பு வந்தால் புதுப்பிக்கவும் செய்தது. சங்கப் புலவர் பரணரின் பெயர் தாங்கிய எழுத்துரு ஒன்றும் டெபியன் களஞ்சியத்தில் இடம்பெற்றது. ஐபஸ் கருவியுடன் எம்17என் பொதிகளை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும்.

எனினும், பொதியை நிறுவுவதோடு பணி முடிவதில்லை. நாள், எண், நாணயம் ஆகியவற்றை எவ்வாறு காட்டுவது என்பதை நாடுதோறும் வரையறுக்கும் கோப்புகள் குனூவின் அடிப்படை நூலகத்தில் உள்ளன. 2020 பிப்ரவரியில் வெளியான அதன் 2.31 பதிப்பில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் கோப்புகள் இருந்தன. மலேசியத் தமிழுக்கு இல்லை. ஆகவே, அப்பதிப்பு இயங்கிய கணிப்பொறியில் இந்தியத் தமிழைத் தேர்ந்த பினாங்குத் தமிழருக்கு ரிங்கிட்டுக்கு மாறாக ரூபாயே நாணயமாக அமைந்தது. யூனிகோடு ஒன்றியத்தின் வட்டார வழக்குத் தொகுப்பிலோ மலேசியத் தமிழுக்கும் இடம் உண்டு.

தனியார் மென்பொருளாயின், இக்குறையை நீக்க நிறுவனத்தின் தயவை நாட வேண்டும். கட்டற்ற மென்பொருளிலோ கோப்பை எழுதி அனுப்பும் உரிமை எவருக்கும் உண்டு. உரிமை இருந்தும் எழுதுவார் இல்லையேல் இருக்கை வெறிதாகவே கிடக்கும். பெயர்த்தெழுத ஆள் இல்லாத ஏடு அழிந்ததும் இவ்வாறே அன்றோ?