பெருநாள் ரொட்டியில் இனிப்பு எவ்வளவு?

ஹிஜ்ரி 623, அதாவது கி.பி. 1226-இல் பக்தாதில் எழுதப்பெற்ற 'கிதாபுத் தபீக்' என்னும் சமையல் நூலில் 'குஷ்கனானஜ்' என்றோர் இனிப்பு ரொட்டியின் செய்முறை காணப்படுகிறது. ஒரு பங்கு வெள்ளை மாவுக்குக் கால் பங்கு நல்லெண்ணெய் சேர்த்துப் பிசைந்து, பொங்க விட்டு, நடுவே பூரணம் வைத்து மூடிச் சுட வேண்டும். பூரணத்தில் ஒரு பங்கு பாதாமுக்கு இரு பங்கு சர்க்கரை. மணத்துக்கு ரோஜாப் பன்னீர். கெய்ரோவின் பாத்திமிய ஆட்சியாளர்கள் 'தாருல் ஃபித்ரா' என்னும் கூடமே அமைத்து, நோன்புப் பெருநாளுக்கு இதனைச் செய்து பகிர்ந்தளித்தனர்.

அன்று சர்க்கரை எளியோர்க்கு எட்டாத பொருள். இன்றோ அன்றாடத் தேநீரிலும் அது கலந்திருக்கிறது. சர்க்கரை நோயுற்ற பெரியவர்கள் பெருநாளன்று ஒதுங்கி அமர்வதை நம் வீடுகளில் காண்கிறோம்.

ஈராக்கியர் இன்று பெருநாளுக்குச் சுடும் 'கிளெய்ச்சா' நமக்கு வழி காட்டுகிறது. ஏலம் மணக்கும் பேரீத்தம்பழ விழுதே அதன் பூரணம். மைதாவுக்கு மாற்றாக முழுக் கோதுமை மாவைக் கொண்டு, சர்க்கரையை விலக்கி, விழுதோடு பாதாமும் சேர்த்தால் நார்ச்சத்து கூடும். பழத்திலும் சர்க்கரை உண்டு என்பதால், நோயுற்றோர்க்கு மருத்துவர் சொல்லும் அளவே அளவு.

நோன்புப் பெருநாள் தொழுகைக்குப் புறப்படுமுன் நபி (ஸல்) அவர்கள் பேரீத்தம்பழங்களை ஒற்றைப்படையாக உண்பார்கள். அப்பழத்தை ரொட்டியில் வைப்பதால் பெருநாளின் சிறப்புக் குறையாது. பெரியவர்களும் நம்மோடு ஒரே சஹனில் கைவைக்கும் பெருநாளை அல்லாஹ் அருள்வானாக!