குறைந்த அலகு, நிறைந்த வரலாறு

அலகு குறைந்த வாளை ஊனமுற்றதென ஒதுக்குவது உலக வழக்கு. தஞ்சை அரண்மனைப் படைக்கலக் கொட்டிலில் இருந்த கட்டாரிகளோ அவ்வழக்கை மறுக்கின்றன.

குறுக்குப் பிடியை முட்டியால் இறுகப் பற்றிக் குத்துதற்குரிய படைக்கலம் கட்டாரி. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வாள் அலகுகள் கடல்வழியே இந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வந்தன. பரங்கியர் கொணர்ந்த அந்நெடிய அலகுகள் எல்லாம் நெடுவாளாகவே நிலைத்துவிடவில்லை. உடைந்தவற்றையும் மிகுதியாக நீண்டவற்றையும் நம் கொல்லர் வேண்டிய அளவிற்கு வெட்டி, பக்கத் தகடுகளுக்கிடையே செருகி, ஆணி அறைந்து கட்டாரியாக்கினர். பிடி நம் நாட்டது, அலகு மேலைநாட்டது.

இவ்வுண்மையை அலகே உரைக்கும். முதலிலேயே குத்துவாளாக வடிக்கப்பட்ட அலகில் நடுப்பள்ளம் நுனியை அணுகுமுன் மெல்ல மறையும். வெட்டிக் குறைத்த அலகிலோ, பள்ளம் புதிதாகத் தீட்டிய நுனிவரை ஓடி, திடீரென அறுபட்டு நிற்கலாம். வடித்தவர் பொறித்த முத்திரை பாதியோடு நின்றிருப்பின், அதுவும் ஒரு சான்றாகும்.

1855இல் மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். கும்பினியார் தஞ்சை அரசை முடிவுக்குக் கொணர்ந்தனர். பின்னர் அப்படைக்கலங்களுள் தேர்ந்தெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. எஞ்சியவற்றுட் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயிற்று. முன்னர்க் கொல்லன் வெட்டியது மறுவாழ்வு தருதற்கு. பின்னர் உடைத்ததோ வரலாற்றையே அழித்தது. இரண்டும் இரும்பைக் குறைத்த செயல்களே. எனினும் இரண்டும் ஒன்றல்ல.

அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், நெய் பூசி அழகுற வைத்திருந்த அவன் படைக்கலங்களையும், பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடந்த அதியமான் வேல்களையும் ஒப்பிட்டதைப் புறநானூற்றின் 95ஆம் பாடல் காட்டுகிறது. புகழ்வதுபோல் பழித்த அப்பாடலில் சிதைவே பெருமைக்குரியதாகிறது.

கொருக்குப்பேட்டையில் இரும்போடு புழங்குவோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. ஓடித் தேய்ந்த லாரியின் பட்டை இரும்பு கொல்லன் உலையில் அரிவாளாவதை அவர்கள் அறிவர். பழஞ்சொல்லைக் கையிலெடுக்கும் கவிஞரும் அக்கொல்லர் மரபினரே. வேண்டிய அளவிற்குக் குறைக்கலாம்; புதுப்பிடி பொருத்தலாம். ஆயின் அது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் பள்ளத்தைத் தேய்த்து அழித்துவிடலாகாது.